தாமரைக் கிழங்கும் இல்லாத கல்லும்

தாமரைக் கிழங்கு வேர் அல்ல, தண்டு. இதை வாழ்க்கையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன இடங்களில் ஒன்று தோட்டத்துத் துரையின் ஆபீஸ். என் கையில் கத்தி இருந்தது, எதிரே அரைவாசித் தோட்டம் நின்றது, வாசலில் காவல்காரர் துவக்கோடு நின்றார். அப்படி ஒரு வகுப்பை அதற்கு முன்னும் நான் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கலவானைக்கு அப்பால், தேயிலையும் றப்பரும் கலந்த ஒரு தோட்டம். அங்கேயே பிறந்து, உயர்தரம் வரை படித்து, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்திருந்தேன். நியமனம் தற்காலிகம். மூன்று வருடமாகத் தற்காலிகம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேனா பிடிக்கும் உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். யாராவது விசாரித்தால் அம்மா "டீச்சர் வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தற்காலிகம் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம்.

நிரந்தரமாக்க வேண்டுமென்றால் கல்வி அதிகாரி ஒருவர் வந்து, நான் எடுக்கும் பாடம் ஒன்றை முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த புதன்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. பாட அட்டவணையில் அன்றைக்கு விழுந்திருந்தது நீர்த் தாவரங்கள். பாடம் சொதப்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் எனக்காக ஒரு கொழுந்துக் கூடை எப்போதும் தயாராக இருந்தது.

எனக்குக் கொஞ்சம் முன்கோபம். அதில் பெரும்பகுதி என்மேலேயே வருவது. தாவரவியலை நான் படித்தது முழுக்க நோட்ஸ் கொப்பியில்தான். தாமரைத் தண்டின் குறுக்குவெட்டுமுகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். பரீட்சையில் வரைந்து நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆனால் தாமரைத் தண்டை ஒருநாளும் வெட்டிப் பார்த்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அலுமாரியில் இருந்ததெல்லாம் ஒரு பூதக்கண்ணாடியும், போத்தலில் போட்ட ஒரு தவளையும்தான். அந்தத் தவளையும் எனக்கு முன்னாலேயே பணியில் சேர்ந்தது. பார்க்காத ஒன்றைப் பார்த்த மாதிரி அதிகாரியின் முன்னால் கதைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையான கிழங்கையே கொண்டுபோய் மேசையில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

தாமரை இருந்த இடம் ஒரு பழைய மாணிக்கக் குழி. இரத்தினபுரி மாவட்டத்தில் இது பெரிய விஷயமில்லை. கல் கிடைக்கும் என்று தோண்டுவார்கள், அலுத்துப்போனால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். மூட வேண்டும் என்பது சட்டம், மூடாமல் போவது வழக்கம். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். றப்பர் மலைக்குக் கீழே, தோட்டத்து எல்லையில், குளம் என்று சொல்லுமளவுக்கு அகலமான குழி ஒன்று கிடந்தது. புத்தர் கோயிலான பன்சலைக்குப் போகிறவர்களுக்குப் பூ விற்கும் ஒரு சிங்களப் பெரியவர் அதில் தாமரை நட்டு வைத்திருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். பூவா, கிழங்கா என்று கேட்டார். கிழங்கு என்றேன். கறிக்கா என்றார். பாடத்துக்கு என்றேன். கிழங்கை வைத்து என்ன பாடம் என்று கொஞ்சநேரம் யோசித்தவர், கடைசியில் ஓரமாக நாலு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

துணைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர். அதற்கு முன்பு பத்துப் பன்னிரண்டு வருடம் இரத்தினபுரிப் பக்கத்தில் கல் கழுவும் வேலை செய்தவர். அத்தனை வருடத்தில் அவர் கையில் ஒரு கல்லும் அகப்படவில்லை. வரும்போது கொண்டுவந்தது கல் கழுவும் கூடை ஒன்று மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் போனோம். நான்தான் தண்ணீரில் இறங்கினேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பொம்பளைங்க குழியில எறங்கக் கூடாதும்மா. கல்லு கீழ போயிரும்."

"நமக்குக் கல்லு வேணாம் மாமா. கெழங்குதான் வேணும்."

"அது சரிதான். ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல."

சேறு தொடை வரைக்கும் வந்தது. தாமரை இலைக் காம்பில் சின்னச் சின்ன முள் இருக்கும் என்று எந்த நோட்ஸிலும் நான் எழுதவில்லை, என் கையும் காலும் எழுதிக்கொண்டன. காம்பைப் பிடித்துக்கொண்டே கீழே போனால் கிழங்கு தட்டுப்படும். அதைக் காலால் கிளப்பி, கையால் இழுக்க வேண்டும். அரைநாள் போராடி நாலு கிழங்கு எடுத்தேன். ஒன்று உடைந்தது. உடைந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மெல்லிய நூல்கள் அறாமல் இழுபட்டு வந்தன. சுருளி வடிவத் தடிப்புள்ள காழ்க்கலன் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதை முதல் தடவையாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் இதையா எழுதிக்கொண்டிருந்தேன் என்று.

மாமா கிழங்கையெல்லாம் தன் கூடையில் போட்டு ஓடையில் கழுவினார். கிழங்கை எப்படியும் கழுவலாம். ஆனால் மாமாவின் கைக்கு ஒரே ஒரு கழுவல்தான் தெரியும். கூடையைத் தண்ணீரில் அரைவாசி அமிழ்த்தி, சுற்றிச் சுற்றி ஆட்டி, சேறெல்லாம் போனதும் சூரியனுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, அடியில் தங்கியதை விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்த அடியில்தான் நான் தேடியது கிடந்தது. கிழங்கின் நுனியிலிருந்து ஒடிந்து விழுந்த, பெருவிரல் அளவான ஒரு மொட்டு. கிழங்கு தண்டுதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. வேரில் மொட்டு வராது.

"மாமா, கெடைச்சிருச்சு" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அதை எடுத்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தேன். காய்ந்துபோகக் கூடாதென்று கைத்துணியாக வைத்திருந்த லேஞ்சியை நனைத்து, அதில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், மேலே றப்பர் மலைப் பாதையில் விறகுக்குப் போகும் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் எங்கள் லயம். என்ன டீச்சர் எடுக்குறீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாணிக்க மண்ணில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பார்க்காத மாதிரி போவதுதான் மரியாதை. மரியாதையாகப் போனார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல் கிடைத்தவன் ஒருநாளும் கிடைத்தது என்று சொல்ல மாட்டான். பங்காளி வருவான், பொலிஸ் வரும், கண்ணூறு வரும். ஆகவே இல்லை என்பான். அதனால் ஒருவன் இல்லை என்றால் இருக்கிறது என்று ஊர் எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே இல்லாதவன் என்ன சொல்வது என்பதற்கு யாரும் வழி செய்து வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த மூன்று பேரில் ஒரு அக்கா தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

"என்னத்தக்கா?"

"அதான். சொல்ல மாட்டோம்."

"அக்கா, அது தாமரக் கெழங்கு. பள்ளிக்கூடத்துக்கு."

"ஆமாங்க டீச்சர். கெழங்குதான். யாரு கேட்டாலும் நாங்களும் கெழங்குன்னே சொல்றோம்."

அன்று மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்க எனக்காகக் கிழங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளி, உட்காருங்க என்றார். மூன்று வருடத்தில் முதல் தடவை. கடைவீதியில் மாமாவுக்குப் பெஞ்சில் இடம் விட்டார்களாம். கல் கிடைத்ததா என்று கேட்டவர்களிடம் மாமா இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் சும்மா சொல்லியிருக்கக் கூடாதா? சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறாரே என்ற சந்தோஷம் அவருக்கு. அவரை நான் திட்டாத திட்டில்லை.

இது போதாதென்று அன்று சாயங்காலம் அம்மா கோயிலில் பொங்கல் வைத்தார். புதன்கிழமை பாடம் நல்லபடியாக முடிய வேண்டுமென்று கடிதம் வந்த அன்றே நேர்ந்துகொண்ட பொங்கல். கல் கிடைத்தவர்கள் வைப்பதும் அதே கோயிலில் அதே பொங்கல்தான். வாங்கிச் சாப்பிட்ட ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களம் காலியாகக் கிடந்தது. ஆட்கள் முழுக்கத் தாமரைக் குழியில் நின்றார்கள். பொம்பளை இறங்கியே கிடைத்ததென்றால் ஆம்பளை இறங்கினால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு மண்வெட்டி, கடப்பாரை, கொழுந்துக் கூடை எல்லாவற்றோடும் இறங்கியிருந்தார்கள். பூ விற்கும் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு துரையின் ஆபீசுக்கு ஓடினார். அவருடைய ஒரு பூவும் மிஞ்சவில்லை. இதில் மட்டும் எனக்கு இன்றைக்கும் குற்ற உணர்வு உண்டு. பிறகு போய்க் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படாமல், எனக்குக் கிடைத்ததில் தன் பங்கு எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டார்.

அன்று பத்து மணிக்குள் காவல்காரர் லயத்தில் எங்கள் வீடான காம்பராவுக்கு வந்தார். கிழங்குகளைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த பேசினை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் வைத்துப் பூட்டினார். தோட்டத்துக் காணியில் அனுமதியில்லாமல் கல் எடுப்பது குற்றம், மறுநாள் ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வர வேண்டும், கல்லைத் தராவிட்டால் பொலிஸ் என்று துரை சொல்லி அனுப்பியிருந்தார். தமிழ்ப் பெயருள்ள ஒருத்தியைப் பற்றி அந்த யுத்த வருடங்களில் பொலிசுக்குப் போன் போனால் கேள்வி கல்லோடு நிற்காது. அப்படியே நின்றாலும், பொலிசில் பெயர் விழுந்தவளுக்கு யார் நிரந்தர நியமனம் தருவார்கள்? அதிகாரி வருவதும் அதே ஒன்பது மணிக்குத்தான். காட்டுவதற்குக் கையில் கிழங்கும் இல்லை. லேஞ்சியில் முடிந்த அந்த மொட்டு மட்டும்தான் மிச்சம்.

புதன்கிழமை நான் ஆபீசுக்குப் போனபோது எனக்கு முன்பே தோட்டம் வந்து நின்றது. என் ஒன்பதாம் வகுப்பும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கேதான் நின்றது. துரை மேசையில் பேசினை வைத்திருந்தார். அவர் சிங்களவர், தமிழ் தெரியும். தோட்டத்தில் கற்ற தமிழ்.

"டீச்சர், கல்லு குடு. கேஸ் இல்ல."

"கல் இல்லை சேர். இது தாமரைக் கிழங்கு."

நான் இல்லை என்றதும் கூட்டம் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியது. அந்த நேரம் பார்த்து ஜீப் ஒன்று வந்து நின்றது. பள்ளிக்கூடத்துக்கு ஆபீஸ் முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இரத்தினபுரியிலிருந்து வந்த கல்வி அதிகாரி இறங்கினார். வயதான முஸ்லிம் மனிதர், நிதானமாகப் பேசுகிறவர். என்ன கூட்டம் என்று கேட்டார். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் துரையின் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்குப் பாடம் நீர்த் தாவரம்தானே. நான் இங்கேயே இருந்து பார்க்கலாமா?"

துரை நாற்காலி போட்டுத் தேத்தண்ணீருக்கும் சொன்னார். பிறகு என் பக்கம் ஒரு கத்தியைத் தள்ளி, "வெட்டு" என்றார்.

வெட்டினேன். கிழங்கின் நடுவில் வட்டமாகப் பெரிய துளைகளும், சுற்றிலும் சின்னத் துளைகளும் தெரிந்தன. கூட்டம் முழுக்கக் குனிந்தது. துரை ஒரு டோர்ச்சை எடுத்து ஒவ்வொரு துளைக்குள்ளும் அடித்துப் பார்த்தார். துளைகள் எத்தனை என்று பின்னால் நின்றவர்கள் கேட்டார்கள், முன்னால் நின்றவர்கள் எண்ணிச் சொன்னார்கள். இந்தத் துளைகள் ஏன் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். சேற்றுக்குள் காற்று இல்லை, மேலே நிற்கும் இலைதான் காம்பு வழியாகக் கீழே காற்றை அனுப்ப வேண்டும் என்றேன். வெட்டிய துண்டு ஒன்றின் ஒரு முனையைத் துரையின் தண்ணீர்க் கிளாசுக்குள் வைத்து மறுமுனையில் ஊதினேன். குமிழி குமிழியாக வந்தது.

"கல்லு அடைச்சிருந்தா காத்து வராதுங்களே" என்றார் பின்னால் ஒருவர். நான் வகுப்பில் கேட்ட எந்த விடையும் அந்த அளவுக்குச் சரியாக இருந்ததில்லை.

கணுவுக்கு வந்தபோது துளைகள் குறுகி வேறு பக்கம் திரும்பின. உடனே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாக் கணுவையும் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். கணுவிலிருந்து தனியாகக் கிளம்பும் மெல்லிய வேர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். நூலை இழுத்துப் பார்த்தார்கள். நாலு கிழங்கும் துண்டு துண்டாகி மேசையில் கிடந்தன.

"துணியில முடிஞ்சு வச்சது எங்க?" என்றார் துரை.

மொட்டை எடுத்து வைத்தேன். பழுப்பேறியிருந்தது. துரை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதையும் வெட்டு என்றார். எனக்கு மனசு வரவில்லை. இருந்த ஒரே மொட்டு அது. ஆனாலும் நடுவால் கீறினேன். உள்ளே ஒரு தாமரை இலை இருந்தது. நகத்தளவு கூட இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சுருண்டு, வெளிறிய பச்சையில், தன் முறைக்காகக் காத்திருந்தது. அதை நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். பொலிஸ், நியமனம் எல்லாம் மறந்துபோய், "பாருங்க, பாருங்க" என்று எல்லோருக்கும் காட்டினேன்.

"எல" என்றார் ஒருவர். கூட்டத்துக்கு உயிர் போய்விட்டது.

அதிகாரி நாற்காலியில் இருந்தபடியே, "சரி, இது வேரா, தண்டா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, பிள்ளைகளிடம் கேட்டாரா தெரியாது. பதில் கூட்டத்திலிருந்து வந்தது.

"தண்டுங்க. கணு இருக்கே."

"மொட்டு இருக்குதுங்க. மொட்டுக்குள்ள எலயும் இருக்கு."

"வேரு தனியாப் போகுது பாருங்க, இந்தா."

கல்லாசையோடு பார்த்த கண்கள். எதையும் தவறவிட்டிருக்கவில்லை. அதிகாரி தன் கொப்பியில் நிறைய எழுதினார். துரை கை கழுவிக்கொண்டு எல்லோரையும் வேலைக்கு விரட்டினார். மாமா துண்டுகளை அள்ளிக்கொண்டு போனார். அம்மா மாசிக் கருவாடும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கறி வைத்து லயத்துக்கெல்லாம் கொடுத்தார். எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள், ஆனால் யாரும் அழுத்திக் கடிக்கவில்லை.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மகள், பாடம் நல்லம். சும்மா கேக்கிறன், உண்மையா ஒண்டும் கிடைக்கல்லையா?"

"இல்லை சேர்."

"சரி, சரி" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துக்கும் தெரியும்.

ஆறேழு மாதம் கழித்து நிரந்தர நியமனக் கடிதம் வந்தது, சிங்களத்தில். நான் அதை அம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கற்பித்தல் மிகத் திருப்திகரம், மாணவர்களின் அவதானிப்புத் திறன் சிறப்பு என்று இருந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நல்ல காரியத்துக்குத்தான் போச்சு. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"என்னத்தம்மா?"

"அன்னைக்கு ஜீப்புல வந்த ஐயாவுக்கு நீ குடுத்த கல்லு."

"அம்மா, கல்லே இல்ல. கெழங்க வெட்டினப்ப நீயும் அங்கதானே நின்ன?"

"நின்னேன். இல்லன்னே சொல்லு, அதுதான் சரி."

"சத்தியமா இல்லம்மா. பாடம் நல்லா இருந்துச்சு, அதுக்காகக் குடுத்தாங்க. கடுதாசியில எழுதியிருக்கு."

அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "கல்லப் பத்திக் கடுதாசியிலயா எழுதுவாங்க? நம்மளுக்குப் போயி யாருடி சும்மா குடுப்பாங்க?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கல் போன துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.